நோக்குச் சாளரத்தின் உருப்பெருக்கம்: தூரமானிக் கமராவின் வரலாற்றில் தீராத ஒரு பிணக்கு

கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அவற்றின் வளர்ச்சியையே கருத்திற் கொள்வர். முன்னையதிலும் பின்னையது விரைவானது, நுண்ணியது, வலியது என்னும் ஒழுங்கிலேயே அவ்வரலாறு எழுதப்படுவதுண்டு. ஆயின், எல்லாக் கருவிகளும் இவ்வொழுங்கிற்கு அமைவனவல்ல. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழந்தே ஆகவேண்டும் என்னும் நிலை சிலவற்றின் உள்ளமைப்பிலேயே உறைந்து கிடக்கின்றது. அத்தகைய கருவியின் வரலாறு, எதனை எவ்வளவு இழப்பது என்பது பற்றிக் காலந்தோறும் செய்யப்பட்ட தீர்மானங்களின் வரலாறாகவே அமையும். இருபதாம் நூற்றாண்டின் செய்திப் படங்கள் பலவற்றை உலகிற்கு அளித்த தூரமானிக் கமரா இவ்வகையினது. அதன் பின்புறத்தே கண் வைத்து நோக்கும் சிறு சாளரத்தின் உருப்பெருக்கம் எவ்வளவாக இருத்தல் வேண்டும் என்னும் வினா, எளிய வினாவாகவே தோன்றும். எனினும், அவ்வினாவிற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இறுதி விடை கிடைத்திலது. அதற்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூரமானியின் தத்துவம்

தூரமானிக் கமராவிற் படம் பிடிப்பவர், படத்தைப் பதிவு செய்யும் வில்லையின் ஊடாக நோக்குவதில்லை. அதற்குப் புறம்பாக அமைந்த வேறொரு சாளரத்தின் ஊடாகவே நோக்குகின்றார். கமராவின் முகப்பில் ஒன்றிற்கொன்று சற்றுத் தொலைவில் இரு திறப்புகள் உள்ளன. ஒன்றன் வழியே காட்சி நேராகக் கண்ணை அடைகின்றது. மற்றையதன் வழியே வரும் ஒளி ஆடியாலோ அரியத்தாலோ திருப்பப்பட்டு, முதற் காட்சியின் நடுவே ஒரு சிறு ஒளிப் பொட்டாக விழுகின்றது. வில்லையின் வளையத்தைத் திருப்பும்போது இந்த இரண்டாவது விம்பம் பக்கவாட்டில் நகரும். இரு விம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் நிலையிற் குவியம் சரியாக அமைந்துவிட்டது என்பது பொருள். நில அளவையாளர் இரு புள்ளிகளிலிருந்து கோணங்களை அளந்து எட்டாத பொருளின் தூரத்தைக் கணிக்கும் முக்கோண முறையே இங்கும் பயன்படுகின்றது.

இம்முறையின் துல்லியத்தை இரு காரணிகள் நிர்ணயிக்கின்றன. இரு திறப்புகளுக்கும் இடையிலான தூரம், அதாவது முக்கோணத்தின் அடி, ஒன்று. அவ்விம்பங்களை எத்துணைப் பெரிதாகக் கண் காண்கின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டினதும் பெருக்கமே பயன்படு அடி எனப்படும். அடி 69 மில்லிமீற்றராகவும் உருப்பெருக்கம் 0.72 ஆகவும் இருப்பின், பயன்படு அடி ஏறத்தாழ 50 மில்லிமீற்றராகும். கையில் அடங்கும் கமராவில் அடியை விரும்பியவாறு நீட்டல் இயலாது. எனவே, துல்லியத்தைக் கூட்ட விரும்பும் வடிவமைப்பாளர் உருப்பெருக்கத்தையே கூட்டல் வேண்டும்.

பிணக்குத் தொடங்கும் இடமும் இதுவே. உருப்பெருக்கம் கூடக் கூடச் சாளரத்தில் அடங்கும் காட்சியின் பரப்புக் குறையும். அகன்ற கோணம் கொண்ட வில்லைக்கு அகன்ற காட்சி வேண்டும். அதற்கு உருப்பெருக்கம் குறைதல் வேண்டும். தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் நீண்ட குவியத்தூர வில்லைக்கோ நுண்ணிய தூரக் கணிப்பு வேண்டும். அதற்கு உருப்பெருக்கம் கூடுதல் வேண்டும். ஒரே சாளரம் இவ்விரு வேண்டுகோள்களையும் முழுமையாக நிறைவேற்றல் இயலாது.

இரு சாளரங்களின் காலம்

ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரில் ஏர்ண்ஸ்ற் லைற்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்ணாக், திரைப்படச் சுருளைப் பயன்படுத்தி 24 x 36 மில்லிமீற்றர் அளவிற் படம் பிடிக்கும் சிறு கமரா ஒன்றை முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னரே உருவாக்கினார். அக்கமரா லைக்கா என்னும் பெயருடன் 1925 ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தச் சந்தையில் விற்பனைக்கு அறிமுகமாயிற்று. அதன் 50 மில்லிமீற்றர் வில்லை கழற்ற முடியாதது. தூரமானி அதன் உடலில் இருக்கவில்லை. வேண்டுவோர் தனியான தூரமானி ஒன்றை மேலே செருகிக்கொண்டனர். ஒரே வில்லை இருந்தமையால் நோக்குச் சாளரமும் அவ்வொன்றிற்கே அளவாக அமைந்தது; சிக்கல் எதுவும் எழவில்லை.

1930 இல் வில்லைகளை மாற்றிப் பொருத்தும் வசதி வந்ததும் நிலைமை மாறிற்று. 1932 இல் வெளியான இரண்டாம் லைக்காவில் வில்லையுடன் இணைந்து இயங்கும் தூரமானி உடலினுள்ளேயே அமைக்கப்பட்டது. ஆனால், தூரத்தைக் கணிக்க ஒரு கண் துளையும், காட்சியை வரையறுக்க வேறொரு கண் துளையும் இருந்தன. ஒன்றிற் குவியத்தைச் சரிசெய்து, பின்னர் கண்ணை மற்றையதற்கு நகர்த்திக் காட்சியை அமைத்தல் வேண்டும். இது விரைவுக்கு ஊறு விளைவித்தது என்பது வெளிப்படை. எனினும், இப்பிரிவினையில் ஒரு நன்மையும் இருந்தது. 1933 இன் மூன்றாம் லைக்காவிற் தூரமானியின் உருப்பெருக்கம் 1.5 ஆக உயர்த்தப்பட்டது. 40 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைந்த அடி, அதனால் ஏறத்தாழ 58 மில்லிமீற்றர் அடியின் பயனைத் தந்தது. காட்சிச் சாளரமோ தன் போக்கிற் காட்சியைச் சிறிதாக்கி முழுமையாகக் காட்டியது. ஒவ்வொரு துளையும் ஒரு பணியை மட்டுமே செய்தமையால், ஒன்றன் தேவைக்காக மற்றையது விட்டுக்கொடுக்க நேரவில்லை.

50 மில்லிமீற்றர் தவிர்ந்த ஏனைய வில்லைகளுக்குத் தனித்தனி நோக்கிகள் கமராவின் மேற்புறத்தே செருகப்பட்டன. செய்தியாளர் ஒருவர் மூன்று வில்லைகளைக் கொண்டுசெல்வாராயின், அவற்றிற்கேற்ற நோக்கிகளையும் பையில் எடுத்துச்செல்ல வேண்டியவரானார்.

டிறெஸ்டன் நகரின் சைஸ் ஐகோன் நிறுவனம் 1932 இல் கொன்டாக்ஸ் கமராவை வெளியிட்டு லைக்காவுடன் போட்டியிட்டது. அந்நிறுவனம் 1936 இல் வெளியிட்ட இரண்டாம் கொன்டாக்ஸ், தூரமானியையும் நோக்குச் சாளரத்தையும் ஒரே கண் துளையில் இணைத்தது. குவியம் சரிசெய்வதும் காட்சியை அமைப்பதும் ஒரே பார்வையில் நிகழலாயின. ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் நீண்ட அடி கொண்டிருந்தமையால், இவ்விணைப்பினால் நேரக்கூடிய துல்லியக் குறைவை அக்கமரா தாங்கிக்கொண்டது. இணைப்பு பெரும் வசதிதான். ஆயினும், அதுவரை இரு சாளரங்களுக்கிடையே பங்கிடப்பட்டிருந்த பணிகள் ஒன்றன் மீது சுமத்தப்பட்டமையால், உருப்பெருக்கம் பற்றிய பிணக்கும் அன்றே பிறந்தது எனல் பொருந்தும்.

1954: மிதக்கும் சட்டங்கள்

நோக்குச் சாளரத்தின் வரலாற்றில் 1954 ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டு கொலோன் நகரில் நடைபெற்ற போட்டோகினாக் கண்காட்சியில் லைக்கா எம்3 அறிமுகமாயிற்று. அதன் சாளரத்தினுள் ஒளிரும் கோடுகளாலான செவ்வகச் சட்டம் ஒன்று, காட்சியின் மீது மிதப்பது போலத் தோன்றியது. ஒளிச் சட்டம் என்னும் எண்ணம் புதியதன்று. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் அல்படாவின் பெயரால் வழங்கும் நோக்கி, பாதி வெள்ளி பூசிய வில்லையிற் தெறிக்கும் சட்டத்தைக் காட்சியுடன் சேர்த்துக் காட்டியது. சைஸ் ஐகோனின் சில கமராக்களில் அது பயன்பட்டும் இருந்தது. எம்3 இன் சிறப்பு, அதுவரை தனித்தனியே கிடந்த பல கூறுகளை ஒருங்கிணைத்தமையில் உள்ளது.

50, 90, 135 மில்லிமீற்றர் வில்லைகளுக்கான சட்டங்கள் அதனுள் இருந்தன. பழைய திருகு முறைக்குப் பதிலாகச் செருகித் திருப்பிப் பூட்டும் முறை கையாளப்பட்டது. பூட்டப்படும் வில்லையின் விளிம்பே உரிய சட்டத்தைத் தோன்றச் செய்தது. மேலும், நோக்கும் சாளரமும் பதியும் வில்லையும் வெவ்வேறிடத்தில் இருப்பதால் அண்மைப் பொருள்களைப் படமெடுக்கையில் எழும் இடமாறு வழுவைக் குறைப்பதற்காக, குவியத்தைத் திருப்புந்தோறும் சட்டம் மூலைவிட்டத் திசையில் தானாகவே நகர்ந்தது.

இச்சாளரத்தின் உருப்பெருக்கம் 0.91 ஆகும். கண்ணால் நேரே காண்பதற்கு மிக அண்மையது இவ்வளவு. வலக் கண்ணால் சாளரத்தினூடாகவும் இடக் கண்ணால் உலகை நேராகவும் ஒருங்கே நோக்குவோர்க்கு, வெளி உலகின் மீதே ஒளிச் சட்டம் ஒன்று தொங்குவது போலத் தோன்றும். ஏறத்தாழ 69 மில்லிமீற்றர் அடியுடன் இவ்வுருப்பெருக்கமும் சேர்ந்து 60 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பயன்படு அடியைத் தந்தது. 1954 இற்கும் 1966 இற்கும் இடையில் இக்கமரா 2 இலட்சத்து 20 ஆயிரத்திற்கு மேல் உற்பத்தியாயிற்று.

ஆயினும் இதற்கொரு விலை இருந்தது. 35 மில்லிமீற்றர் வில்லைக்குரிய காட்சி இச்சாளரத்தில் அடங்கவில்லை. 50 மில்லிமீற்றர் வில்லை கிடையாக ஏறத்தாழ 40 பாகைக் கோணத்தையும், 35 மில்லிமீற்றர் வில்லை 54 பாகைக் கோணத்தையும் பதிவு செய்கின்றன. எம்3 ஐ வைத்திருப்போருக்காக, மூக்குக் கண்ணாடி போன்றதொரு துணை ஒளியியல் உறுப்பைத் தாங்கிய 35 மில்லிமீற்றர் வில்லைகள் ஆக்கப்பட்டன. அவ்வுறுப்பு சாளரத்தின் முன் நின்று காட்சியைச் சுருக்கி, 50 இற்கான சட்டத்தையே 35 இற்கும் பொருந்தச் செய்தது. பிற்காலத்தில் 135 மில்லிமீற்றர் வில்லை ஒன்றிற்கு இதன் மறுதலையான, காட்சியைப் பெருக்கும் உறுப்பு இணைக்கப்பட்டது. சாளரத்தின் அளவை மாற்ற இயலாதவிடத்து, சாளரத்திற்கே கண்ணாடி அணிவித்த கதை இது.

எம்2 உம் 35 மில்லிமீற்றரின் உரிமையும்

1932 அளவில் லைக்காவைக் கையிலெடுத்த பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஹென்றி கார்ட்டியே-பிறெசோன், வாழ்நாளிற் பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் வில்லையையே விரும்பினார். அவரைப் போன்றோருக்கு எம்3 இன் சாளரம் இயல்பாகவே பொருந்திற்று. ஆனால், நெரிசலான தெருவிலும் ஒடுங்கிய அறையிலும் நிகழ்ச்சிக்கு மிக அண்மையில் நின்று படமெடுக்க வேண்டியிருந்த செய்தியாளர்க்கு 35 மில்லிமீற்றர் வில்லையே பெரிதும் பயன்பட்டது. 1957 இல் வெளியான லைக்கா எம்2 அவர்களின் தேவைக்கு அளித்த விடையாகும். அதன் உருப்பெருக்கம் 0.72 ஆகக் குறைக்கப்பட்டது. சட்டங்கள் 35, 50, 90 என அமைந்தன. பயன்படு அடி ஏறத்தாழ 50 மில்லிமீற்றராகக் குறைந்தது. 135 இற்கான சட்டம் விடப்பட்டது.

இம்மாற்றத்தின் உட்பொருளைச் சிறு கணக்கொன்றாற் தெளியலாம். எம்3 இன் சாளரத்தில் 50 மில்லிமீற்றர் சட்டம் கண்ணுக்கு ஏறத்தாழ 36 பாகை அகலமாகத் தோன்றும். எம்2 இன் சாளரத்தில் 35 மில்லிமீற்றர் சட்டம் ஏறத்தாழ 41 பாகை அகலமாகத் தோன்றும். உலகின் பரப்பு விரிந்தபோதும் கண் தாங்க வேண்டிய அகலம் பெரிதும் மாறவில்லை. விழியை உருட்டாமலும் தலையை அசைக்காமலும் சட்டத்தின் நான்கு மூலைகளையும் ஒரே பார்வையில் எளிதாகக் காண்பதற்கு இவ்வளவே தக்கது என்பதை வடிவமைப்பாளர் உணர்ந்திருந்தமைக்கு இவ்வெண்களே சான்றாகும். எவ்வுருப்பெருக்கத்தைத் தெரிவது என்னும் வினா, எவ்வில்லையை இயல்பான வில்லையாகக் கொள்வது என்னும் வினாவின் மறுவடிவமே என்பதும் இதனாற் பெறப்படும்.

யப்பானியரின் விடைகள்

இதே பிணக்கிற்கு யப்பானிய நிறுவனங்கள் வேறு வழிகளைத் தேடின. கனன் நிறுவனம் 1949 இல் வெளியிட்ட 2பி கமராவில், சாளரத்தின் உருப்பெருக்கத்தை மூன்று நிலைகளில் மாற்றத்தக்க அமைப்பு இருந்தது. காட்சியை அமைக்கத் தாழ்ந்த நிலையும், நுண்ணிய தூரக் கணிப்பிற்கு உயர்ந்த நிலையும் பயன்பட்டன. கருத்தளவில் இது சீரிய தீர்வே. ஆயின், குவியம் சரிசெய்வதற்கும் காட்சியை அமைப்பதற்கும் இடையில் விரல் ஒரு நெம்பைத் தேட நேரின், ஒரே சாளரத்தினால் கிடைத்த விரைவு ஓரளவு இழக்கப்படும். 1959 இல் வெளியான கனன் பி, மாறாத முழு உருப்பெருக்கத்துடன் 35, 50, 100 மில்லிமீற்றர்ச் சட்டங்களை ஒருங்கே காட்டியது. அதில் 35 இற்கான சட்டம் 54 பாகை அகன்று சாளரத்தின் விளிம்பிலேயே நின்றமையால், மூக்குக் கண்ணாடி அணிந்தோர் அதனை முழுமையாகக் காண இடர்ப்பட்டனர்.

நிக்கோன் நிறுவனம் 1957 இல் வெளியிட்ட எஸ்பி, பணிகளை மீண்டும் பிரித்தது. பிரதான சாளரம் உலகை உள்ளவாறே, ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவிற் காட்டியது. 50, 85, 105, 135 மில்லிமீற்றர்ச் சட்டங்கள் அதில் அமைந்தன. அதனருகே 28, 35 மில்லிமீற்றர் வில்லைகளுக்கெனச் சிறிய சாளரம் ஒன்று தனியே வைக்கப்பட்டது. நீண்ட வில்லைக்கு உருப்பெருக்கத்தையும் அகன்ற வில்லைக்குப் பரப்பையும் அக்கமரா குறைவின்றி வழங்கியது. ஆனால் தூரமானி பிரதான சாளரத்தில் மட்டுமே இருந்தமையால், அகன்ற வில்லையைப் பயன்படுத்துவோர் பழைய லைக்காவிற் போலவே கண்ணை இரு துளைகளுக்கிடையே நகர்த்த வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் கொன்டாக்ஸ் நீக்கிய இடர் மற்றொரு வாயிலாற் திரும்பவும் நுழைந்தது.

அந்நிறுவனமே 1959 இல் நிக்கோன் எப் என்னும் ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமராவை வெளியிட்டது. எஸ்பியின் உடலமைப்பிற் பல கூறுகள் அதனுள்ளும் இடம்பெற்றன. ஆடியும் ஐங்கோண அரியமும் கொண்ட அக்கமராவில், படத்தைப் பதியும் வில்லை எதுவோ அதனூடாகவே கண்ணும் நோக்குகின்றது. 28 ஆயினும் 300 ஆயினும் வில்லை தரும் விம்பமே சாளரத்தை நிரப்பும். உருப்பெருக்கமும் சட்டமும் பற்றிய பிணக்கு அங்கு எழுவதற்கே இடமில்லை. 1960களிற் செய்தியாளரும் விளையாட்டுப் படப்பிடிப்பாளரும் பெருமளவில் தெறிப்புக் கமராவை நாடியமைக்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்று.

ஒரு சாளரத்தில் ஆறு சட்டங்கள்

தூரமானிக் கமரா இதன் பின்னரும் மறையவில்லை. அகன்ற வில்லைகளின் பக்கம் மேலும் நகர்ந்தது. 1967 இன் லைக்கா எம்4, 0.72 உருப்பெருக்கத்துடன் 35, 50, 90, 135 என நான்கு சட்டங்களைக் கொண்டிருந்தது. எம்3 இற்கும் எம்2 இற்கும் இடையிலான வழக்கை இரு பக்கத்தாருக்கும் இடமளித்துத் தீர்க்கும் முயற்சியாக இது அமைந்தது. ஆனால், நியூயோர்க் நகரின் தெருக்களைப் படமெடுத்த கரி வினோகிராண்ட் போன்றோர் 28 மில்லிமீற்றர் வில்லைக்கு மாறியிருந்தனர். எம்4 இன் சாளரத்தில் அதற்குச் சட்டம் இல்லை.

1980களின் தொடக்கத்தில் வந்த எம்4-பி, 28, 75 என்னும் இரண்டையும் சேர்த்து ஆறு சட்டங்களை, ஒரு முறைக்கு இரண்டாக, மூன்று இணைகளிற் காட்டியது. 28 உடன் 90 உம், 35 உடன் 135 உம், 50 உடன் 75 உம் தோன்றின. 1984 இன் எம்6 இதனையே பின்பற்றியது. எல்லோருக்கும் இடம் கிடைத்தது. எனினும் எல்லோருக்கும் நெருக்கடியும் உண்டாயிற்று. 0.72 உருப்பெருக்கத்தில் 28 இற்கான சட்டம் கண்ணுக்கு ஏறத்தாழ 50 பாகை அகலமாக விரிந்து, சாளரத்தின் விளிம்பை முட்டி நின்றது. 135 இற்கான சட்டமோ நீளத்தில் அதன் ஐந்திலொரு பங்காகவும், பரப்பில் இருபதிலொரு பங்கிலும் குறைந்ததாகவும் ஒடுங்கிற்று. பழைய பிணக்கு ஒரே கண்ணாடியினுள் இவ்வாறு கண்கூடாகத் தெரியலாயிற்று.

இறுதியில் அந்நிறுவனமே ஒரு சாளரம் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டது போலும். 1998 இல் 0.85 உருப்பெருக்கம் கொண்ட எம்6 உம், 2000 இல் 0.58 உருப்பெருக்கம் கொண்ட எம்6 உம் வழமையான 0.72 உடன் சேர்ந்து கிடைக்கலாயின. முதலாவதில் 28 இற்கான சட்டம் நீக்கப்பட்டது. பயன்படு அடி ஏறத்தாழ 59 மில்லிமீற்றர். இரண்டாவதில் 135 இற்கான சட்டம் நீக்கப்பட்டது. பயன்படு அடி ஏறத்தாழ 40 மில்லிமீற்றர். 0.58 சாளரத்தில் 28 இற்கான சட்டத்தின் தோற்ற அகலம் ஏறத்தாழ 41 பாகையாகும். எம்2 இல் 35 இற்குரிய சட்டம் கொண்டிருந்த அகலமும் அதுவே என்பது நோக்கத்தக்கது. யப்பானின் கொசினா நிறுவனம் இவ்வழியில் மேலும் சென்றது. 2004 இல் வெளியிட்ட பெசா ஆர்3ஏ உலகை உள்ளவாறே காட்டியது. 2006 இல் வெளியிட்ட பெசா ஆர்4 வகை 0.52 உருப்பெருக்கத்துடன் 21 மில்லிமீற்றர் வரை சட்டம் வழங்கியது.

கோடு பொய்த்த வரலாறு

இலக்கமுறைக் கமராவின் வருகையும் இப்பிணக்கைத் தீர்த்ததாகக் கூறல் இயலாது. 2006 இன் லைக்கா எம்8 இல் உருப்பெருக்கம் 0.68 ஆயிற்று. அதில் சட்டத்தைப் பற்றிய மற்றொரு வினாவும் கூர்மை பெற்றது. வில்லை அண்மைப் பொருளிற் குவியும்போது முன்னோக்கி நீள்வதால், அது பதியும் கோணம் சற்றுக் குறுகும். கண்ணாடியிற் பொறித்த சட்டம் இடம் நகரும். ஆனால் அளவிற் சுருங்காது, விரியாது. ஆகவே, அது ஏதேனும் ஒரு தூரத்திற்கு மட்டுமே மெய்யுரைக்கும். எம்8 இன் சட்டங்கள் 0.7 மீற்றர் தூரத்திற்கு அளவிடப்பட்டிருந்தன. தொலைவிலுள்ள காட்சியைப் படமெடுத்தோர், தாம் விலக்க எண்ணியவையும் படத்தின் ஓரங்களிற் புகுந்திருக்கக் கண்டனர். 2008 இல் வந்த எம்8.2 இல் அத்தூரம் 2 மீற்றராக மாற்றப்பட்டது. இப்போது அண்மைப் படங்களில் ஓரம் வெட்டுப்படக்கூடிய நிலை வந்தது. எங்கே மெய்யுரைப்பது, எங்கே பொய்ப்பது என்பதும் வடிவமைப்பாளரின் தீர்மானத்திற்கு உரியதாயிற்று.

முடிவாகச் சில கருத்துகள்

இவ்வரலாற்றிலிருந்து சில உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, 0.91, 0.72, 0.58 என்னும் எண்கள் ஒன்றிலும் ஒன்று சிறந்தவை என்று வரிசைப்படுத்தத்தக்கனவல்ல. 50 மில்லிமீற்றர்த் தொலைவில் நின்று நோக்குபவர், 35 உடன் நிகழ்ச்சியின் நடுவே நிற்பவர், 28 உடன் மக்கள் நெரிசலினுள் நுழைபவர் ஆகிய மூவருக்கும் அவை முறையே உரியன. சாளரம் அளவிடப்படும்போதே அதனைக் கையாளப் போகின்றவர் உலகிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பார் என்பதும் ஊகிக்கப்பட்டுவிடுகின்றது.

இரண்டாவதாக, தெறிப்புக் கமரா இப்பிணக்கைத் தீர்த்த வழியில் ஓர் இழப்பும் உண்டு. அதன் சாளரத்திற் படத்துள் அடங்குவது மட்டுமே தெரியும். சட்டத்திற்கு அப்பாலுள்ள உலகம் இருளாகிவிடும். தூரமானிக் கமராவின் சாளரத்திலோ சட்டத்திற்கு வெளியேயும் காட்சி தொடர்கின்றது. தெருவிற் சட்டத்தை நோக்கி நடந்து வருபவர், அதனுள் காலடி வைப்பதற்கு முன்னரே கண்ணிற் படுகின்றார். எதனைச் சேர்ப்பது என்பதுடன் எதனை விலக்குவது என்பதும் நோக்குபவரின் கண்முன்னேயே தீர்மானிக்கப்படுகின்றது. இவ்வெளிப்புறத்தைக் காட்டுவதற்காகவே உருப்பெருக்கம் தாழ்த்தப்படுகின்றது. அதற்கான விலையைத் தூரக் கணிப்பின் துல்லியம் செலுத்துகின்றது.

ஆகவே, தீர்ந்துவிடாமையே இப்பிணக்கின் குறைபாடு என்று கொள்ளல் பொருந்தாது. அளப்பதற்கு நெருங்கிச் செல்லல் வேண்டும். முழுமையாகக் காண்பதற்கு விலகி நிற்றல் வேண்டும். கண்ணுக்கு முன் ஒரு விரலளவு கண்ணாடியில் இவ்விரண்டையும் ஒருங்கே வேண்டிய மனிதர், ஒவ்வொரு காலத்திலும் தம் தேவைக்கேற்ற ஓர் எண்ணைத் தெரிந்தெடுத்தனர். அவ்வெண்களை வரிசையாக வைத்து நோக்கின், ஒரு கருவியின் வரலாற்றுடன், தாம் காணும் உலகிற்கும் தமக்கும் இடையிலான தூரத்தைப் படப்பிடிப்பாளர் படிப்படியாகக் குறைத்துவந்த வரலாறும் அங்கே எழுதப்பட்டிருத்தலைக் காணலாம்.